ஹொர்லா: மூன்று வடிவங்களில் எதைப் படிப்பது?

பிரெஞ்சு எழுத்தாளர் கீ த மோப்பசான் ஒரே கருவை மூன்று முறை எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது என்கிறான் ஒருவன். அவன் சொல்வது மெய்யா, அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? முதல் முறை அது 1885 பிப்ரவரி 17 அன்று 'ஜில் ப்ளா' நாளிதழில், மோஃப்ரிஞ்யூஸ் என்ற புனைபெயரில், 'ஒரு பைத்தியத்தின் கடிதம்' என்ற தலைப்போடு வந்தது. அதே நாளிதழ் 1886 அக்டோபர் 26 அன்று 'ஹொர்லா'வின் முதல் வடிவத்தை வெளியிட்டது. 1887 மே மாதம் ஒல்லென்டோர்ஃப் பதிப்பகம் கொண்டுவந்த சிறுகதைத் தொகுப்பில், நாட்குறிப்பு வடிவில், மூன்றாம் முறை வந்தது. இன்று 'ஹொர்லா' என்று பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவம்தான்.

ஆனால் எந்த வடிவம் என்று குறிப்பிடாமலே கதையைப் போட்டுவிடும் தொகுப்புகள் உண்டு. ஒருவர் 1886-ஐயும் இன்னொருவர் 1887-ஐயும் படித்துவிட்டு விவாதிக்க உட்கார்ந்தால் பேச்சு ஒட்டாது. இரண்டுக்கும் முடிவே வேறு. கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க முதல் சில வரிகள் போதும். "அன்புள்ள டாக்டர், என்னை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்" என்கிற பொருளில் தொடங்கினால் அது 1885. டாக்டர் மராந்த் என்ற புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் தன் சக மருத்துவர்கள் மூவரையும் இயற்கை அறிவியல் அறிஞர்கள் நால்வரையும் அழைத்து ஒரு நோயாளியைக் காட்டுகிறார் என்று தொடங்கினால் 1886. 'மே 8' என்று தேதியோடு, எவ்வளவு அருமையான நாள் என்று ஒருவன் புல்வெளியில் படுத்துக்கிடப்பதில் தொடங்கினால் 1887.

1887 என்று தெரிந்த பிறகும் ஒரு சோதனை வேண்டும். ஜூலை 2 குறிப்பில் மோன் சேன் மிஷெல் என்ற கடலோர மடாலயப் பாறைக்குப் போன பயணமும், ஜூலை 16 குறிப்பில் திருமதி சாப்லே வீட்டு விருந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் மேலோட்டமாகப் பார்த்தால் கதைக்குத் தேவையில்லாதவைபோலத் தெரியும். சுருக்க நினைப்பவர் கத்தரி முதலில் அங்கேதான் போகும். ஜூலை 16 இல்லாத 1887 பதிப்பை வாங்க வேண்டாம். கதையின் அச்சாணியே அதுதான். காரணம் கீழே வருகிறது.

தேர்வை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவருக்கு 1887. ஒரே மாலையில் வாசித்து, விவாதித்து முடிக்க வேண்டிய குழுவுக்கு 1886: நீளத்தில் பாதிகூட இல்லை, சத்தமாக வாசிக்க எழுதியதுபோலவே இருக்கும், முடிவில் ஒரு கேள்வியைக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு நிற்கும். இரண்டையும் படிக்க நேரம் இருந்தால் 1886 முன்னால், 1887 பின்னால். தலைகீழாகப் படித்தால் 1886 வெறும் சுருக்கம்போலத் தோன்றிவிடும். அதன் தனி வலிமை கண்ணில் படாது. 1885-ஐக் கடைசியில், எழுத்தாளர் எங்கிருந்து கிளம்பினார் என்று பார்க்க விரும்பினால் மட்டும் எடுக்கலாம். இனி வருவதில் முடிவுகள் எல்லாம் வெளிப்படும். புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் கதையை முடித்துவிட்டு வருவது நல்லது.

மூன்று வடிவங்களையும் பிரிப்பது சாட்சி. அவன் சொல்வதற்கு யார் சாட்சி?

1886-இல் சாட்சிக்குக் குறைவே இல்லை. நோயாளி தானாகவே மனநோய் விடுதிக்கு வந்தவன். உடல் பிணம்போல மெலிந்திருக்கிறது. அதை எட்டுப் பேரும் கண்ணால் பார்க்கிறார்கள். தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவருக்கும் இப்போது இதே தொல்லை வந்திருக்கிறதே, உண்மைதானா என்று அவன் மருத்துவரைக் கேட்கிறான். உண்மைதான் என்கிறார் மருத்துவர். பிரேசிலில் இதே மாதிரி ஒரு கொள்ளைநோய் பரவுவதாகச் சொல்லும் செய்தித்தாள் துண்டையும் அவன் எடுத்துக் காட்டுகிறான். இத்தனைக்கும் பிறகு டாக்டர் மராந்த் கடைசியில் சொல்வது, இந்த மனிதனுக்குப் பைத்தியமா, எங்கள் இருவருக்குமே பைத்தியமா, இல்லை மனிதனுக்கு அடுத்து வரவேண்டியது உண்மையிலேயே வந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான். அந்தக் காலத்து வாசகருக்கு மனநோய் மருத்துவர் என்றால் தீர்ப்பு சொல்பவர். அவரே தீர்ப்பைக் கீழே வைத்துவிடுகிறார். பைத்தியம் என்ற விளக்கம் பலவீனமாகி, அமானுஷ்யம் என்ற விளக்கம் முன்னால் வந்து நிற்கும் கதை இது.

1887-இல் மோப்பசான் இந்தச் சாட்சிகளை ஒவ்வொருவராக வெளியேற்றினார். டாக்டர் மராந்த் இல்லை, அறிஞர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை. மே 18 அன்று பார்க்கும் மருத்துவர் நாடி வேகம், விரிந்த கண்பாப்பா, முறுக்கேறிய நரம்பு என்று குறித்துவிட்டு, குளிர்நீர்க் குளியலும் நரம்பைத் தணிக்கும் பொட்டாசியம் புரோமைடும் எழுதிக் கொடுத்ததோடு சரி. வண்டிக்காரனுக்கும் அதே நோய் என்று ஜூலை 3 குறிப்பு சொல்கிறது. ஆனால் அதையும் எழுதியவன் இவன்தானே? கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சந்தேகத்துக்கு உரிய ஒரே ஆளின் பேனாவிலிருந்து வருகிறது.

இந்த மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை, இரண்டு வடிவங்களிலும் வரும் தண்ணீர்ச் சோதனையை அருகருகே வைத்தால் பார்க்கலாம். இரவில் படுக்கை அருகே வைக்கும் குடுவை காலையில் காலியாக இருக்கிறது. குடித்தது யார்?

1886-இல் அவன் வைக்கும் பொறி, தண்ணீரோடு பழைய போர்தோ ஒயின், தனக்கு அறவே பிடிக்காத பால், தனக்கு உயிரான சாக்லேட் கேக். காலையில் ஒயினும் கேக்கும் அப்படியே இருக்கின்றன. தண்ணீரும் பாலும் காணோம். தூக்கத்தில் எழுந்து அவனே சாப்பிட்டிருந்தால் கேக்தானே போயிருக்க வேண்டும்? நல்ல சோதனை. குடித்தது வேறொன்று என்பதற்குத் தராசு சாய்கிறது. பிறகு எல்லாவற்றையும் வெள்ளை மஸ்லினில் சுற்றி, மேலே மெல்லிய துணி போர்த்தி, தன் கை, உதடு, மீசையில் பென்சில் கரியைப் பூசிக்கொண்டு தூங்குகிறான். விழித்துப் பார்த்தால் துணியில் கறை இல்லை. ஆனால் போர்த்திய துணி வைத்த இடத்தில் இல்லை. தண்ணீரும் பாலும் தீர்ந்திருக்கின்றன.

1887-இல் இதே சோதனை ஜூலை 6 முதல் 9 வரை நான்கு இரவுகளாக, தேதி போட்டு, ஆய்வுக்கூடக் குறிப்பேடு மாதிரி வருகிறது. 6ஆம் தேதி ஒயின், பால், தண்ணீர், ரொட்டி, ஸ்ட்ராபெரி. தண்ணீர் முழுவதும் தீர்ந்தது, பாலில் கொஞ்சம் குறைந்தது, மற்றவை தொடப்படவில்லை. 7ஆம் தேதி அதையே திரும்பச் செய்கிறான், அதே விளைவு. 8ஆம் தேதி தண்ணீரையும் பாலையும் எடுத்துவிடுகிறான். எதையும் யாரும் தொடவில்லை. 9ஆம் தேதி தண்ணீரும் பாலும் மட்டும். குடுவைகளை வெள்ளை மஸ்லினில் சுற்றி, மூடிகளைக் கயிற்றால் கட்டி, உதடு, தாடி, கை எல்லாம் கரி பூசிப் படுக்கிறான். காலையில் துணி வெள்ளையாகவே இருக்கிறது. கட்டு அப்படியே இருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை.

முறையாகப் பார்த்தால் இந்தச் சோதனை முந்தையதைவிடச் சிறந்தது. திரும்பச் செய்திருக்கிறான், ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்திருக்கிறான். ஆனால் பால் அவனுக்குப் பிடிக்காது என்ற விவரமும், பிடித்த கேக்கும் காணாமல் போய்விட்டன. அதாவது, குடித்தது அவன் இல்லை என்பதற்கு இருந்த ஒரே வலுவான தடயத்தை ஆசிரியர் எடுத்துவிட்டார். எஞ்சியிருப்பது கரியும் கயிறும். அவற்றை ஒரு வாரத்தில் ஜூலை 16 உடைக்கிறது.

பயத்தில் பாரிஸுக்கு ஓடியவன், அன்று தன் உறவுக்காரி திருமதி சாப்லே வீட்டு விருந்துக்குப் போகிறான். அங்கே டாக்டர் பரான் அவளை வசியத் தூக்கத்தில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்துகிறார். கையில் ஒரு முகவரி அட்டையைக் கொடுத்து இது கண்ணாடி என்கிறார். முதுகுக்குப் பின்னால் நிற்கும் கதைசொல்லியின் கையில் உள்ள புகைப்படத்தை அவள் அந்த அட்டையில் 'பார்த்து' விவரிக்கிறாள். பிறகு, நாளைக் காலை இவரிடம் போய் 5000 ஃபிராங்க் கடன் கேள் என்று கட்டளை. மறுநாள் அவள் வருகிறாள், கண்ணீர் விட்டுக் கேட்கிறாள், கணவருக்கு அவசரம் என்று காரணமும் சொல்கிறாள். கட்டளை வேறொருவருடையது என்று அவளுக்குத் துளியும் தெரியாது.

அன்றைய வாசகருக்கு இது வெறும் கற்பனை வித்தை இல்லை. பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ நடத்திய விரிவுரைகளை மோப்பசானே கேட்டவர். வசியமும் கட்டளையும் எவரிடமும் வேலை செய்யும் என்று வாதிட்ட நான்சி நகர மருத்துவர்களின் பெயரைக் கதைக்குள்ளேயே டாக்டர் பரான் எடுக்கிறார். இந்தக் காட்சிக்குப் பிறகு ஜூலை 9-ஐ மறுபடி படித்துப் பாருங்கள். ஒருவர் தன்னை அறியாமலே ஒரு காரியத்தைத் திட்டமிட்டு முடித்து, அதற்குக் காரணமும் ஜோடிக்க முடியும் என்றால், அவனே எழுந்து கைகழுவி, கட்டை அவிழ்த்து, குடித்து, திரும்பக் கட்டி, மீண்டும் கரி பூசிப் படுத்திருக்கலாமே? சோதனை ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அதே சமயம் திருமதி சாப்லேயை வெளியிலிருந்து ஒருவர் ஆட்டுவித்தார் என்பதும் உண்மை. அப்படியென்றால் இவனை ஆட்டுவிப்பது யார்? ஒரே காட்சி பைத்தியத்தையும் அமானுஷ்யத்தையும் சம அளவில் பலப்படுத்துகிறது. 1886-இல் இந்தக் காட்சி கிடையாது. 1887-ஐ நாம் முதல் தேர்வாக வைக்க இதுவே பெரிய காரணம்.

தேதிகளையும் விட்டுவிடாமல் படிக்க வேண்டும். மே மாதத்தில் நாலைந்து குறிப்புகள்தான். ஆகஸ்ட் 6 அன்று பட்டப்பகலில், அவன் கண்ணெதிரே ஒரு ரோஜாவின் காம்பு வளைந்து ஒடிந்து பூ அந்தரத்தில் நிற்கிறது. அதிலிருந்து 21 வரை ஏறக்குறைய நாள்தோறும் எழுதுகிறான். 19ஆம் தேதி, சாவோ பாவ்லோ மாகாணத்தில் மக்கள் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்ற செய்தியை ஒரு அறிவியல் இதழில் படித்ததும், மே 8 அன்று சேன் நதியில் போன வெள்ளை நிற பிரேசில் கப்பலுக்குத் தான் வணக்கம் வைத்தது நினைவுக்கு வருகிறது. இரண்டு விளக்கும் எட்டு மெழுகுவர்த்தியும் எரியும் அறையில் நிலைக்கண்ணாடியில் தன் உருவம் தெரியாமல் போவதும் அதே தேதியில்தான். 21க்குப் பிறகு மௌனம். அடுத்த குறிப்பு செப்டம்பர் 10. ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புத் தடுப்பு போட்டு, கண்ணுக்குத் தெரியாத அதை உள்ளே அடைத்து, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டான். மாடியில் வேலைக்காரர்கள் தூங்குவதை மறந்துவிட்டான். நாட்குறிப்பை உரக்க வாசிப்பவர்கள் தேதிகளைத் தாண்டிப் போவது வழக்கம். அப்படிச் செய்தால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் போய்விடும். மூன்று அமர்வாகப் பிரித்து வாசிப்பதானால் ஜூலை 2 முடிவிலும், ஆகஸ்ட் 6க்கு முன்பும் நிறுத்தலாம்.

1885 கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் புலன்கள் ஐந்துதான், இன்னொன்று கூடினாலோ குறைந்தாலோ உலகமே வேறு என்ற வாதம் அதில் பாதிக்கு மேல். கண்ணாடியில் உருவம் தெரியாமல் போகும் காட்சி முதன்முதலில் வருவது இங்கேதான். தண்ணீர்ச் சோதனை போன்ற எதுவும் இல்லாததால் வாதம் வாதமாகவே நின்றுவிடுகிறது. பயம் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

எந்த வடிவத்தைப் படித்தாலும் வரும் ஒரு கோளாறு, கதையை ஆசிரியரின் நோய்க்குறிப்பாகப் படிப்பது. மோப்பசானுக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருந்தது. 1892 ஜனவரி தொடக்கத்தில் கான் நகரில் கழுத்தை அறுத்துக்கொள்ள முயன்றார். 1893 ஜூலை 6 அன்று பாஸியில் இருந்த டாக்டர் பிளான்ஷின் மனநோய் விடுதியில் இறந்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் 'ஹொர்லா' வெளிவந்த 1887-இல்தான் 'மோந்த் ஓரியோல்' நாவலும் வந்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் 'பியேரும் ஜானும்' தொடராக வரத் தொடங்கிவிட்டது. அதே ஜூலையில் 'ஹொர்லா' என்று பெயரிட்ட ஒரு பலூனில் ஏறி, பாரிஸிலிருந்து பெல்ஜியக் கடற்கரை வரை பறந்திருக்கிறார். மேலே பார்த்ததுபோல ஒரு தடயத்தைத் தேர்ந்தெடுத்து நீக்குவதும், ஒரு காட்சியைக் கணக்கிட்டுச் சேர்ப்பதும் கை தேர்ந்த, தெளிந்த புத்தியின் வேலை. பிதற்றல் என்று படித்தால் அந்த வேலைப்பாடு ஒன்றும் தெரியாது.

பைத்தியம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பதே உங்கள் கேள்வி என்றால், ஹொர்லாவை வைத்துவிட்டு ஜெரார் த நெர்வாலின் 'ஒரேலியா'வை எடுங்கள். பலமுறை மனநிலை குலைந்து, அதே பிளான்ஷ் விடுதியில் சிகிச்சை பெற்றவர் எழுதியது. 1855 ஜனவரி 1 அன்று முதல் பகுதி வந்தது. ஜனவரி 26 அன்று நெர்வால் பாரிஸ் சந்து ஒன்றில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தார். பிப்ரவரி 15 அன்று இரண்டாம் பகுதி வந்தது. திகில் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். கனவும் விழிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் அந்த எழுத்தில் அச்சத்தைவிட ஏக்கம்தான் அதிகம். மெதுவாக, சில பக்கங்களாகப் படிக்க வேண்டியது. குழு வாசிப்புக்கு ஒத்துவராது.

எதிர்ப்பக்கம், பேய்க்கதை கெட்டியாக இருக்க வேண்டும், பைத்தியம் ஓரமாக இருந்தால் போதும் என்பவருக்கு ப்ராஸ்பர் மெரிமேயின் 'ஈல் ஊர் வீனஸ்' (1837). 1834 முதல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களுக்குத் தலைமை ஆய்வாளராக இருந்தவர் மெரிமே. கதைசொல்லியும் தொல்லியல் அறிந்தவன், நிதானி. மணமகன் அல்ஃபோன்ஸ் கல்யாண நாளன்று பந்தாட இறங்குகிறான். விரலில் இருந்த வைர மோதிரம் இடைஞ்சலாக இருக்க, அதைக் கழற்றித் தோட்டத்து வெண்கல வீனஸ் சிலையின் விரலில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறான். இரவு வந்து, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, அவள் விரலை மடக்கிக்கொண்டாள் என்கிறான். கதைசொல்லி போய்ப் பார்த்திருந்தால் எல்லாம் தெளிவாகியிருக்கும். வெளியே மழை, குடித்தவன் பேச்சை நம்பி நனைவானேன் என்று படுக்கப் போய்விடுகிறான். விடிந்தால் மாப்பிள்ளை பிணம். மார்பிலும் முதுகிலும் இரும்பு வளையம் இறுக்கியதுபோலத் தழும்பு, தரையில் மோதிரம். சிலை வந்து கணவனைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தேன் என்று மணப்பெண் சொல்கிறாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அரசு வழக்கறிஞர் அந்தச் சாட்சியத்தை ஒதுக்குகிறார். பந்தாட்டத்தில் தோற்று, பழிவாங்குவேன் என்று மிரட்டிய, ஸ்பெயினின் அரகோன் பகுதிக்காரன்மேல் சந்தேகம் போகிறது, அதுவும் நிற்கவில்லை.

புதிதாக இந்த வகைக்குள் வருபவருக்கும், பதின்வயதினர் உள்ள குழுவுக்கும் ஹொர்லாவைவிட இதையே சொல்வோம். ஊர், கல்யாணம், விருந்து, சந்தேகிக்க ஒரு ஆள் என்று பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தற்கொலை எண்ணத்தில் முடியும் 1887 நாட்குறிப்பின் பாரமும் இதில் இல்லை. மனம் தளர்ந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கடைசிக் குறிப்பைக் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தேயோஃபில் கோத்தியேவின் 'காதல் கொண்ட பிணம்' (1836) அழகான கதைதான். பகலில் பாதிரியார், இரவில் வெனிஸ் நகரத்துச் செல்வந்தன் என்று இரட்டை வாழ்க்கை வாழும் ரோமுவால், எது கனவு எது நனவு என்று பிரிக்க முடியாமல் தவிக்கிறான். ஆனால் புனித நீர் பட்டதும் காதலி கிளாரிமோந்தின் உடல் தூளாகிவிடுகிறது, சந்தேகமும் அதோடு முடிந்துவிடுகிறது. பைத்தியமா பேயா என்ற கேள்வியோடு வருபவருக்கு இது இரண்டாம் தேர்வு.

1887-ஐ முடித்தவர்களுக்கு அடுத்து 1890 ஏப்ரலில் வந்த மோப்பசானின் 'யாருக்குத் தெரியும்?' சரியாக இருக்கும். இரவில் வீடு திரும்பும் ஒருவன் தன் வீட்டு மேசை நாற்காலிகள் தாமாகவே நடந்து வெளியேறுவதைப் பார்க்கிறான். பின்னொரு நாள் ரூவான் நகரத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் அவற்றையே காண்கிறான். இங்கே பொருள்கள் கையில் தொடக்கூடியவை, கடைக்காரன் என்று இன்னொரு மனிதனும் உண்டு. 1887-இல் ஒழித்துக்கட்டிய வெளிச்சாட்சியை ஆசிரியர் திரும்பக் கொண்டுவருகிறார். அப்படியும் அவன் தானாகவே மனநோய் விடுதிக்குப் போய்ச் சேர்கிறான், 1886-இல் டாக்டர் மராந்திடம் வந்தவனைப் போலவே. அதனால் 1886, 1887, 1890 என்ற வரிசையில் மூன்றையும் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் குழுவுக்கு, ஒவ்வொரு வாரமும் ஒரே வேலையைக் கொடுக்கலாம்: கதைசொல்லியின் வாயிலிருந்து வராத சாட்சியம் எது எது என்று பக்க எண்ணோடு குறித்துவரச் சொல்லுங்கள். 1886-இன் பட்டியல் நீளமாக இருக்கும். 1887-இன் தாளில் எழுத ஒன்றும் இருக்காது.